ரவைக்கோதும் சீஆர் கொப்பியும்: படுவான்கரைப் பட்டறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், ஒரு தகரக் கொட்டிலில் நடந்துவரும் வேலையைப் பற்றியது இந்த ஆய்வு. போர் விட்டுச்சென்ற இரும்பையும் பித்தளையையும் சாக்கையும் எடுத்து ஒருவர் கலைப்பொருள் செய்கிறார். அவருடைய பெயரையும் ஊரையும் இங்கே எழுதவில்லை. அது அவர் போட்ட நிபந்தனை. ஏன் என்பது போகப்போகத் தெரியும். சிற்பி என்று குறிப்பிடுகிறேன். “நான் வெல்டிங் பாஸ்தான், சிற்பி எண்டெல்லாம் எழுதாதீங்க” என்று அவர் சொல்லத்தான் சொன்னார். அந்த நிபந்தனையை மட்டும் நான் ஏற்கவில்லை.

நான் பார்க்க வந்த கேள்வி ஒன்றுதான். போர்ச் சிதைவுகளிலிருந்து செய்த பொருளை “நினைவு” என்றும் “பண்பாட்டு எதிர்ப்பு” என்றும் கண்காட்சி அட்டைகளில் எளிதாக எழுதிவிடுகிறோம். அந்தப் பெயர்களை ஒரு பொருள் எப்படிச் சம்பாதிக்கிறது?

நிலமும் இரும்பும்

கிழக்கில் போர் முடிந்ததாகக் கணக்கு வைப்பது 2007 ஜூலையில், குடும்பிமலை படையினர் கைக்குப் போனதோடு. அதற்கு முன் அந்த ஆண்டு ஜனவரியில் வாகரை விழுந்திருந்தது. அதுவரை படுவான்கரையின் பெரும்பகுதி புலிகள் இயக்கத்தின் கட்டுப்பாட்டில். வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரைக்கு வர வலையிறவுப் பாலத்தில் சோதனை, மண்முனைத் துறையில் சோதனை. மண்முனையில் பாலம் திறந்தது 2014இல்தான்.

இந்த மண்ணில் விழுந்தது ஒரே தரப்பின் இரும்பு அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இலங்கை இராணுவம், விசேட அதிரடிப்படை, 1987 முதல் 1990 வரை இந்தியப் படை, இயக்கங்கள், அந்த இயக்கங்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டவை, 2004இல் புலிகள் இரண்டாகப் பிரிந்தபோது வெருகல் பக்கம் நடந்தது எல்லாம் இதற்குள் அடக்கம். கொக்கட்டிச்சோலையைச் சுற்றிய ஊர்கள் 1987 ஜனவரியில் ஒரு படுகொலையையும் 1991 ஜூனில் மகிழடித்தீவில் இன்னொன்றையும் கண்டன. இரண்டாவதில் 67 பேர் கொல்லப்பட்டதாக அரசு அமைத்த ஆணைக்குழுவே சொன்னது. ஊர்க்கணக்கு அதைவிடப் பெரிது. இதே கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் கோயிலில், போர்த்துக்கேயர் முன்னால் கல் நந்தி எழுந்து புல்லைத் தின்றதென்ற கதையைச் சின்ன வயதிலேயே கேட்டு வளர்கிறார்கள். ஒரு பொருள் எழுந்து சாட்சி சொல்வது இங்கே யாருக்கும் புதுசில்லை.

மட்டக்களப்பு மாவட்டத்தில் கண்ணிவெடி அகற்றல் முடிந்ததாக 2017 ஜூனில் அறிவித்தார்கள். கண்ணிவெடி போய்விட்டது, சரி. அதற்காக உழவுக்குள் இரும்பு வருவது நிற்கவில்லை. மாரிப்போகத்துக்கு நிலத்தைப் புரட்டும்போது, கிணறு இறைக்கும்போது, பழைய சென்றி (காவலரண்) இருந்த இடத்தில் மதிலுக்கு அத்திவாரம் வெட்டும்போது ஏதாவது ஒன்று அகப்படும்.

சிற்பியிடம் வருபவற்றில் அதிகம் ரவைக்கோதுதான், சுட்டபின் எஞ்சும் தோட்டா உறை. கொட்டில் வாசலில் ஒரு பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் கயிற்றில் தொங்குகிறது. வரும் கோதை முதலில் அதில் பிடித்துப் பார்க்கிறார். பெரும்பாலானவை ஒட்டிக்கொள்ளும். ரி-56 துப்பாக்கியின் கோது பார்வைக்குச் செம்புபோலத் தெரிந்தாலும் உள்ளே உருக்கு, மேலே செப்பு முலாம். ஆண்டுக்கணக்கில் ஈர மண்ணில் கிடந்தால் முலாம் கழன்று பொருக்குப் பொருக்காகத் துரு பிடித்துவிடும். ஒட்டாமல் விழுவது அசல் பித்தளை: பெரும்பாலும் இயந்திரத் துப்பாக்கிக் கோது, எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். அதைத்தான் அடித்து வளைக்கலாம். காந்தத்துக்குப் பிறகு கோதின் அடியைத் திருப்பி வெளிச்சத்தில் பார்க்கிறார். நடுவில் இருக்கும் சின்ன வட்டத்தில் ஊசி குத்திய பள்ளம் இருந்தால் சுட்டு முடிந்தது. பள்ளம் இல்லையென்றாலோ, முனையில் சன்னம் (குண்டு) இருந்தாலோ அதைத் தொடமாட்டார், கொட்டிலுக்குள் எடுக்கவும் மாட்டார். இன்னதென்று புரியாத எதையும் வெட்டுவதில்லை. கொண்டுவந்த பையனை அதட்டி, எடுத்த இடத்தைக் கேட்டு, பொலிசுக்குச் சொல்ல வைப்பார்.

அடுத்தது மோட்டார் வால். எறிகணை வெடித்துச் சிதறினாலும் அலுமினிய வால் பலசமயம் முழுசாகக் கிடைக்கும்: சுற்றிலும் செட்டை, நடுவே ஒரு குழாய், குழாயில் புல்லாங்குழல் துளைபோல வரிசையாக ஓட்டைகள். பிறகு தார்ப் பீப்பாய்த் தகடு, முட்கம்பி, சென்றியில் அடுக்கியிருந்த மண்மூட்டைச் சாக்கு. சாக்குதான் அவருக்கு மிகப் பிடித்த பொருள். “இரும்பைப் பார்த்தா ஆக்கள் பயப்படுறாங்க. சாக்கைப் பார்த்தா கதைக்கத் தொடங்குறாங்க” என்றார். மண்மூட்டை கட்டவும், வீதி ஓரம் பற்றை வெட்டவும் ஊரவரைப் பிடித்துப் போட்ட காலம் பலருக்கு இன்னும் தோளில் இருக்கிறது.

கிலோக் கணக்கு

இந்த வேலைக்குள் பலரும் கவனிக்காத ஒருவர் பழைய இரும்பு வியாபாரி. லொறியோடு படுவான்கரை முழுக்கச் சுற்றும் காத்தான்குடி முஸ்லிம். சிற்பி அவரைக் காக்கா (அண்ணன்) என்று கூப்பிடுகிறார். பித்தளையைத் தனியே, அலுமினியத்தைத் தனியே, இரும்பைத் தனியே எடைபோட்டு வாங்குவது அவர் தொழில். ஆரம்பத்தில் சிற்பி அவரிடமிருந்துதான் சாமான் வாங்கினார். அப்போது காக்கா கேட்டாராம்: “எனக்கு இது கிலோக் கணக்கு தம்பி. உங்களுக்கு என்ன கணக்கு?”

சிற்பிக்கு அன்று பதில் வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வி இந்த நிகழ்வையே திருப்பிவிட்டது என்பது என் கணிப்பு. தராசில் ஏறிய கணமே ஒரு கோது எந்த வயலில் கிடந்தது, யார் எடுத்தார் என்பதெல்லாம் போய்விடுகிறது, மிஞ்சுவது எடை. அந்தக் குவியலிலிருந்து எடுத்துச் செய்த குத்துவிளக்கு, மயில், பூச்சாடி எல்லாம் அழகாகத்தான் இருந்தன. கொழும்பிலிருந்து வந்தவர்கள் சில வாங்கியும் போனார்கள். ஆனால் அவை எந்த ஊரின் நினைவு என்று கேட்டால் சொல்ல முடியாது. முதலாம் உலகப்போரில் சிப்பாய்கள் ஷெல் கோதில் செதுக்கிய பூச்சாடிகள் ஐரோப்பாவில் இன்றும் பழம்பொருள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கும் இதே கதிதான். கைவேலை இருக்கிறது, ஆள் இல்லை.

அதன்பிறகு அவர் எடைக்கு வாங்குவதை நிறுத்தினார். தருபவரின் வாயால் இடத்தைக் கேட்ட பிறகே பொருளை எடுப்பது என்று வைத்துக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், காக்காவும் தன் லொறியில் ஏறும் சாமானில் வித்தியாசமானதைக் கண்டால் வாங்கிய ஊரைத் துண்டுக் கடுதாசியில் எழுதிச் சுற்றிக்கொண்டு வர ஆரம்பித்தார். காசு கேட்பதில்லை. எடையில் கழித்துக்கொள்வாராம்.

கொப்பி

அப்படித்தான் கொப்பி வந்தது. கடையில் வாங்கிய சீஆர் கொப்பி, கெட்டி அட்டை போட்ட பெரிய நோட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது. பொருள், கிடைத்த இடம், எடுத்தவர், எப்போது எடுத்தது, அவர் சொன்னது, காட்சிக்கு வைக்கலாமா கூடாதா, திரும்ப வேண்டுமா என்று பத்திகள். ஆட்களின் பெயர் இல்லை. “வயல்காரர்”, “மூத்த மகள்”, “பட்டிக்காரர்” என்றுதான் இருக்கும். ஒரு பதிவை அவர் அனுமதியோடு தருகிறேன்: “மோட்டார் வால். வயலின் வடக்கு வரம்பு, கிணற்றுக்குப் பக்கம். வயல்காரர். மாரி உழவில் உழவு மெஷினில் மாட்டியது. ‘இது விழுந்த அன்று நாங்கள் இங்கே இல்லை, தேவாலயத்தில் இருந்தோம். மாடு இரண்டு செத்தது.’ வைக்கலாம். திரும்ப வேண்டாம்.”

கடைசிப் பத்தியின் தலைப்பு “சுட்டது யார்”. அந்தப் பத்தியில் எல்லாப் பக்கத்திலும் வெறும் கோடுதான்.

அது சோம்பலோ பயமோ இல்லை. ரி-56ஐ இராணுவமும் வைத்திருந்தது, புலிகளும் வைத்திருந்தார்கள்; பிடித்த ஆயுதமும் ரவையும் இரண்டு பக்கமும் கைமாறின. கோதைப் பார்த்து விரலைச் சொல்ல முடியாது. இடத்தைத்தான் சொல்ல முடியும். பத்தியை அழித்துவிடலாமே என்று ஒரு நண்பர் சொன்னாராம். கேள்வி இருந்ததென்று தெரிய வேண்டும், அதனால் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார். என்னைக் கேட்டால், கொட்டிலில் உள்ள வேலைகளில் கனமானது இந்தக் கொப்பிதான். மற்ற எல்லாமே அதற்கு வரைந்த படங்கள்.

கலை விமர்சகர்கள் இதற்கு முகம் சுளிக்கலாம். ஆவணத்தைக் கலை என்று சொல்லலாமா என்பார்கள். அதற்குச் சிலம்பைக் காட்டுவேன்.

சிலம்பு

மட்டக்களப்பும் அம்பாறைக் கரையும் கண்ணகி நிலம். வைகாசியில் கோயில் கதவு திறந்து சடங்கு தொடங்கினால் முடிவுச் சடங்கான குளுத்தி வரை ஊரே அதிலேதான் கிடக்கும். கண்ணகி வழக்குரை பாடப்படும். ஒரு பெண் ஒற்றைச் சிலம்போடு அரச சபைக்குப் போய், அதை உடைத்துச் சாட்சியாக்கி வழக்கை வெல்கிற கதை இங்கே ஆண்டுதோறும் காதில் விழுகிறது. சிலம்பை உடைத்தால்தான் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று தெரியும். உடையாத சிலம்பு வெறும் நகை.

சிற்பி செய்தது ஒற்றைச் சிலம்பு. காலில் போடும் அளவல்ல, இரண்டு கையாலும் தூக்கும் அளவு. செய்முறையைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பித்தளைக் கோதின் தடித்த அடியை ஹக்சோவால் அறுத்து எறிகிறார். மிச்சக் குழாயை நெடுக்காகக் கீறி, கரிநெருப்பில் மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சி ஆறவிடுகிறார். ஆறிய பித்தளை தகடாக இளகிக் கொடுக்கும். காய்ச்சாமல் அடித்தால் ஓரம் வெடிக்கும். மரக்கட்டையில் வைத்து மரச்சுத்தியலால் தட்டித் தட்டி ஒவ்வொரு கோதும் இரண்டு விரல் அகலத் தகடாகிறது. தகடுகளை ஈயப்பற்று வைத்து ஒட்டி, அரைவட்டக் குழலாக வளைத்து, இரண்டு அரைவட்டத்தையும் சேர்த்தால் சிலம்பு. ஒட்டிய தழும்புகளை அவர் தேய்த்து மறைப்பதில்லை. ஒவ்வொரு தகட்டின் உட்புறத்திலும் ஆணியால் ஓர் எண் கொத்தியிருக்கிறது. கொப்பியில் அந்தக் கோதின் எண்.

உள்ளே போட்ட பரல்கள் ஷெல் சீவல்கள். வீடுகளிலிருந்து வந்தவை. கூரை ஓட்டில் செருகி நின்றது ஒன்று, தென்னைமரத்தில் புதைந்து மரம் விழுந்தபோது கிடைத்தது ஒன்று. ஒரு பெண் சின்ன மருந்துப் போத்தலில் கொண்டுவந்தது தன் தொடையிலிருந்து ஆஸ்பத்திரியில் எடுத்தது. பஞ்சில் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருந்திருக்கிறார். அதைச் சிலம்புக்குள் போடலாமா என்று சிற்பி கேட்கத் தயங்க, அவரே போத்தலைத் திறந்து உள்ளே கவிழ்த்துவிட்டார். பஞ்சைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாராம். ஏன் என்று இவரும் கேட்கவில்லை.

சிலம்பின் ஒரு பக்கம் மூடவில்லை, வெட்டுவாயாக விட்டிருக்கிறார். தூக்கி ஆட்டினால் கரகரவென்று சத்தம் வரும். சலங்கைச் சத்தம் அல்ல, தகரப்பேணியில் கல் உருளும் சத்தம்.

முற்றத்துக் காட்சி

நகரில் தெரிந்தவர் வீட்டு முற்றத்தில் சின்னதாகக் காட்சி வைத்தார்கள். பந்தல் கிடையாது, அழைப்பிதழ் கிடையாது, முகநூல் பதிவும் கிடையாது. வாங்கு போட்டு அதன் மேல் சாக்கு விரித்து, பொருளுக்குப் பக்கத்தில் கொப்பிப் பதிவைக் கையால் பிரதி எழுதி வைத்தார்கள். கொப்பி மட்டும் தனி மேசையில்.

வந்தவர்களில் வயதான ஒரு அம்மா. அவருடைய மகன் 1990 செப்டம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாக அகதி முகாமிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் ஒருவர். அந்த ஒரே நாளில், 5ஆம் திகதி, பஸ்களில் ஏற்றப்பட்ட 158 பேரும் திரும்பவில்லை. அம்மா ஒவ்வொரு பொருளாகப் பார்த்து முடித்துவிட்டுச் சிற்பியிடம் சொன்னார்: “எல்லாருக்கும் ஒரு துண்டாவது கிடைச்சிருக்கு மனே. எங்களுக்கு அதுவுமில்ல. என்ட புள்ளையக் கூட்டிக்கொண்டு போக்குள்ள ஒரு வெடிச்சத்தம்கூடக் கேட்கல்ல.”

இந்தக் கலைவடிவத்தின் மேல் வைக்கக்கூடிய மிகப் பலமான குற்றச்சாட்டு இது; ஒரு பேராசிரியரும் இதை இவ்வளவு நேராகச் சொல்லி நான் கேட்டதில்லை. வெடித்தது சிதறும், சிதறியது கிடைக்கும். பிடித்துக்கொண்டு போனதற்குச் சிதைவு இல்லை. இரும்பை மட்டும் நம்பினால், சத்தத்தோடு நடந்த கொலைகள் மட்டும் நினைவுக்கு வரும். கிழக்கில் அதிகம் நடந்தது சத்தமில்லாதது. சத்துருக்கொண்டானிலும் அப்படித்தான். 1990 செப்டம்பர் 9ஆம் திகதி இரவு அக்கம்பக்க ஊர்களிலிருந்து முகாமுக்குக் கூட்டிப்போன 180க்கு மேற்பட்டவர்களுக்கு இன்று எஞ்சியது ஒரு நினைவுத்தூணும் அதில் உள்ள பெயர்களும்.

அடுத்தவர் காக்காவோடு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். கொப்பியை முன்னிருந்து பின்னுக்கு, பின்னிருந்து முன்னுக்கு வாசித்தார். இடங்கள் எல்லாம் தமிழ் ஊர்களாகவே இருப்பதைக் கவனித்துவிட்டார். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவுத் தொழுகையில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் புலிகள் நூற்றுக்கு மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றது இந்தக் கொப்பியில் ஒரு வரியாகக்கூட இல்லை. சிற்பி சங்கடத்தோடு, ஏதாவது பொருள் தந்தால் சேர்க்கிறேன் என்றார். ஆசிரியர் கோபப்படவில்லை. “எங்கட சாமானை நாங்க கழற்றல்ல தம்பி. அது சுவரிலேயே இருக்கு. வேணுமெண்டா நீங்க அங்க வந்து பாருங்க.” மீரா ஜும்ஆப் பள்ளிவாசல் சுவரில் சன்னம் துளைத்த ஓட்டைகளைப் பூசாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

சிற்பி என்ன செய்தார் என்றால், கொப்பியில் அந்த இடத்தை எழுதி, பொருள் பத்தியில் “அங்கேயே இருக்கிறது” என்று போட்டார். வந்தாறுமூலைக்கு “இல்லை” என்று போட்டார். வாங்கில் இரண்டு இடம் வெறுமையாக விடப்பட்டது. இதனால் தமிழ்ப் பார்வையாளர் சிலருக்கு வயிற்றெரிச்சல், “எங்கட சாவீட்டில அவங்கட கதை எதுக்கு?” என்று ஓர் இளைஞர் கேட்டே விட்டார். “சுட்டது யார்” பத்தியில் அந்த ஒரு பதிவுக்கு மட்டும் கோடு போட முடியாதே என்று இன்னொருவர் எடுத்துக்கொடுத்தார். நியாயமான கேள்வி. மகிழடித்தீவுக்கும் அப்படித்தானே, அங்கே செய்தது யார் என்று ஆணைக்குழுவுக்கே தெரியுமே என்று விவாதம் நீண்டது. கடைசியில் பொருளுக்குக் கோடு, நிகழ்வுக்குப் பெயர் என்று முடிவாயிற்று. முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது. எல்லோருக்கும் அப்படிப் படவில்லை.

மூன்றாமவர் சிவில் உடையில் வந்தார். எல்லாப் பதிவையும் போனில் படம் பிடித்தார். யார் ஒழுங்கு செய்தது, காசு எங்கிருந்து வந்தது, ரவை வைத்திருக்க அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அன்று பின்னேரமே காட்சியைச் சுற்றிக் கட்டிவிட்டார்கள். பயந்தாங்கொள்ளித்தனம் என்று வெளியூர்க்காரர் சொல்லலாம். 2021 மே 18இல் கிரான் பக்கம் கடற்கரையில் போரில் இறந்தவர்களுக்கு விளக்கேற்றப் போன பத்துப் பேர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் மாதக்கணக்கில் உள்ளே இருந்ததை இந்த ஊர் மறக்கவில்லை.

வேறு நாடுகள், இதே நாடு

மொசாம்பிக்கில் கிறிஸ்தவ சபைகள் 1995இல் தொடங்கிய திட்டத்தில் ஆட்கள் துப்பாக்கியைக் கொடுத்து மண்வெட்டி, சைக்கிள், தையல் மெஷின் வாங்கிப் போனார்கள். வெட்டிய துப்பாக்கிகளால் செய்த நாற்காலி இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொலம்பியாவில் டோரிஸ் சால்செடோ 2018இல், ஃபார்க் (FARC) கெரில்லாக்கள் ஒப்படைத்த 37 தொன் ஆயுதத்தை உருக்கித் தரை ஓடுகளாக்கினார். போரில் பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்கள் அந்த ஓடுகளுக்கான அச்சுகளைச் சுத்தியலால் அடித்து உருவாக்கினார்கள். இரண்டிடத்திலும் பின்னால் ஓர் உடன்படிக்கை இருந்தது. இரும்பைக் கொண்டுவந்து கொடுத்தவனுக்கு ஒரு சட்டப் பாதுகாப்பும் இருந்தது. படுவான்கரையில் அப்படி ஒன்றும் கிடையாது. பொறுக்கியவர் கையில் இருப்பது நினைவுப் பொருளா சந்தேகப் பொருளா என்பதை அன்று வரும் அதிகாரியின் மனநிலை தீர்மானிக்கிறது.

இலங்கைக்குள்ளேயே சந்திரகுப்த தேனுவர 1997 முதல், கொழும்புச் சோதனைச்சாவடிப் பீப்பாய்களைக் கலையாக்கினார். கறுப்பு ஜூலையை ஒட்டி ஆண்டுதோறும் காட்சி வைக்கிறார். சிங்களக் கலைஞர் ஒருவர் தலைநகரில் பீப்பாயைக் காட்டுவதும் படுவான்கரையில் ஒருவர் கோதைக் காட்டுவதும் ஒரே துணிவைக் கேட்பதில்லை. இது தேனுவரவைக் குறைத்துச் சொல்வதல்ல. அவர் காட்டியது எல்லோரும் தினமும் கடந்துபோன பொருள், இவர் காட்டுவது ஒவ்வொன்றும் ஒருவருடைய வீட்டுப் பொருள்.

சிதைவை நினைவாக்கும் வித்தை எதிர்ப்பவர்களுக்கு மட்டும் சொந்தமுமல்ல. ஆனையிறவில் 1991இல் புலிகள் கவசமிட்டுக் கொண்டுவந்த புல்டோசர் இன்று இராணுவ நினைவுச்சின்னமாக ஏ9 வீதியோரம் நிற்கிறது. கிளிநொச்சியில் விழுந்த தண்ணீர்த் தாங்கியைப் பலகை நட்டுச் சுற்றுலா இடமாக வைத்திருந்தார்கள். இரும்பு யாருக்கும் பேசும். பலகையில் எழுதுபவர் சொல்வதைச் சொல்லும். ஆகவே போர் இரும்பால் செய்தது என்பதாலேயே ஒரு பொருள் எதிர்ப்பாகிவிடாது. கொப்பியில் கோடு போட்ட பத்தியும், வாங்கில் விட்ட வெறுமையும், தகட்டின் உட்புறம் கொத்திய எண்ணும்தான் இந்தப் பட்டறையை அந்தப் புல்டோசரிலிருந்து பிரிக்கின்றன.

இப்போதைய நிலை

காட்சி மறுபடி வைக்கப்படவில்லை. பொருள்கள் பிரிந்து பல வீடுகளில் இருக்கின்றன. “திரும்ப வேண்டும்” என்று எழுதியவற்றில் சில திரும்பிப் போய்விட்டன. ஒரு மோட்டார் வால் இப்போது முன்பிருந்தபடியே ஒரு வீட்டில் பூச்செடிக்கு முட்டுக்கொடுக்கிறது. உப்புக்காற்றில் உருக்குக் கோதுகள் வேகமாகக் கரைகின்றன. வார்னிஷ் அடித்தால் நிற்கும் என்று சொன்னேன். அடித்தால் கடைச் சாமான் மாதிரி ஆகிவிடும் என்கிறார். இதில் நாங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. துரு தின்று முடித்தால் காட்ட என்ன இருக்கும் என்பது என் வாதம், கொப்பி இருக்கும் என்பது அவருடையது. சரி, அந்தக் கொப்பிக்காவது வெள்ளத்தில் நனையாத ஒரு பிரதி வேண்டும் என்று வற்புறுத்தி, இரண்டு பிரதி எடுக்க வைத்தோம். ஒன்றைக் காக்கா கொண்டுபோனார்.

அம்பாறைப் பக்கம் இன்னும் தொடங்கவில்லை. அங்கே படுகொலைகள் நடந்த உடும்பன்குளத்துக்கும் வீரமுனைக்கும் பக்கங்கள் கோடு போட்டு வைத்திருக்கிறார். வீரமுனையில் ஒரு குடும்பத்தோடு பேசியாயிற்று. என்ன வைத்திருக்கிறார்கள் என்று அவர்கள் போனில் சொல்லவில்லை. வெள்ளாமை வெட்டு முடிந்ததும் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.